தபாலில் ஒரு பொங்கல் வாழ்த்து

கார்த்திகை தீபம் முடிந்ததும் எங்கள் திருவண்ணாமலை வீட்டில் பொங்கல் வாழ்த்து அட்டை வேலை தொடங்கிவிடும். தொண்ணூறுகளில் கடைவாசல்களில் வரிசையாகத் தொங்கிய அட்டைகளை எஸ்.எம்.எஸ்ஸும் வாட்ஸ்அப்பும் விழுங்கிவிட்டன. எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம்.

தாள், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதம். 1959-இல் தொடங்கிய ஆலை. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கிச் செய்கிறார்கள். அதனால் கையால் கிழித்தால் விளிம்பு பஞ்சுபோல் பிரியும். கத்தரிக்கோலே வேண்டாம். சாம்பல், பழுப்பு, கருநீலம் என மூன்று தாளைக் கிழித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் நம் அண்ணாமலை எழுந்து நிற்கும். மேல் அடுக்குக்கு அடியில் மட்டும் ஃபோம் டேப். அந்த மெல்லிய நிழலில்தான் அழகே இருக்கிறது.

கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரத்தை அழிரப்பரில் முத்திரையாகச் செதுக்கலாம். இருபக்கமும் ஒன்றுபோல இருப்பதால் சுலபம். எழுத்துகளைத்தான் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். இந்தத் தாள் மையைக் குடிக்கும். முத்திரையை மைப்பெட்டியில் லேசாகத் தட்டி, அசைக்காமல் அழுத்துங்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஒருவருக்காவது செய்து அனுப்புங்கள். அடுக்கு அட்டை கனமாக இருக்கும். தபால் நிலையத்தில் எடை போட்டுத் தபால்தலை ஒட்டுங்கள்.