வள்ளத்தில் ஒரு நாள்

எங்கள் ஊராகிய கோவில்பட்டிக்குக் கடலையோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு, கடலோடு கிடையாது. எங்கள் கடலைமிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. ஆனால் சுமார் அறுபது கிலோமீட்டர் தூரத்தில், தூத்துக்குடியில் இருக்கும் சமுத்திரத்தை நாம் இதுவரை அனுபவித்ததெல்லாம் கரையில் நின்று, வேஷ்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டுதான்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இருபது வருஷ காலமாக நாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் போதித்து வருகிறோம். வருஷந்தோறும் ஐந்திணை வரும். அதில் நெய்தலும் வரும். பரதவர், திமில், வலை, உப்பு என்று வரிசையாகப் பதவுரை சொல்லிக்கொண்டே போவோம். ஒரு சமயம் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன், "திமில் எவ்வளவு நீளம் இருக்கும், சார்?" என்று கேட்டான். "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றோம். பையன் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய கேள்வி மட்டும் உட்காராமல் நம் மனத்தில் நின்றுகொண்டே இருந்தது.

ஆகவே சென்ற மே மாத விடுமுறையில் நமது தேகப்பயிற்சி ஆசிரியர், "திரேஸ்புரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் வள்ளம் வைத்திருக்கிறார். டீசல் செலவும் வாடகையும் கொடுத்தால் ஒரு நாள் தூண்டில் போட அழைத்துப் போவார். பிடிபடுகிற மீனில் பாதி நமக்கு, பாதி வள்ளத்துக்கு" என்று சொன்னபோது, மறு பேச்சில்லாமல் சம்மதித்தோம். கணக்கு வாத்தியாரும் வருவதாகச் சொன்னார். அவர் பரம்பரைச் சைவம். "மீன் பிடிக்க வரவில்லை, சூரியோதயம் பார்க்க வருகிறேன்" என்று வீட்டாரிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

மே மாதத்தில் பள்ளிக்கூடங்களுக்கு மட்டுமல்ல, மீன்களுக்கும் விடுமுறை என்பதைத் தூத்துக்குடி போய்த்தான் அறிந்துகொண்டோம். மீன்கள் இனம் பெருகும் காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. மீன்பிடித் துறைமுகத்தில் அவை அத்தனையும் பூட்டிய வகுப்பறைகள்போல் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நாட்டுப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. நம்முடையது நாட்டு வள்ளம். ஆதலால் நமக்குப் பயணச் சீட்டு உண்டு.

அதிகாலை நாலு மணிக்குத் திரேஸ்புரம் கரை சந்தைபோல் இருந்தது. வலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்களும், ஐஸ் உடைக்கிறவர்களும், டீ குடிக்கிறவர்களுமாக ஒரே இரைச்சல். வள்ளக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டோம். "வாங்க சார்" என்று நம் கையைப் பிடித்து முழங்கால் ஆழத் தண்ணீரில் நடத்திப் போனார். வள்ளத்தில் ஏற்கெனவே ஒரு பையன் நின்று தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். பதினைந்து வயது. அண்ணாச்சியின் மகன்.

கணக்கு வாத்தியார் ஏறியவுடன் வள்ளத்தைச் சாணால் அளந்துவிட்டார். இருபத்தெட்டு அடி. திமிலின் நீளம் அல்ல. ஆனாலும் அந்தக் கடைசிப் பெஞ்சுப் பையனுக்கு அரை மார்க்காவது கொடுக்கலாம்.

இருட்டிலேயே புறப்பட்டோம். இடது புறத்தில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் தீவுகள் இருப்பதாக அண்ணாச்சி கையைக் காட்டினார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடுவது குற்றம் என்பதால் வள்ளம் அவற்றை விட்டு வெகுவாக விலகியே சென்றது. 21 என்பது கணக்கில்தான். அவற்றில் விலாங்குச்சல்லி என்னும் தீவு கடலுக்குள் ஆழ்ந்துவிட்டது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக வருஷக் கணக்கில் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் மதில் போயிற்று. பின்னாலேயே மணலும் போயிற்று. "எங்க அப்பா காலத்துல அதுல இறங்கி நடந்திருக்கோம்" என்றார் அண்ணாச்சி.

கிழக்கு வெளுத்தது. கணக்கு வாத்தியார் தாம் பார்க்க வந்த சூரியோதயத்தைப் பார்த்தார் என்று சொல்வதற்கில்லை. அச்சமயம் அவர் வள்ளத்தின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் சாப்பிட்ட ரவா தோசையைச் சமுத்திர ராஜனுக்குச் சமர்ப்பித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துத் தேற்றிய தேகப்பயிற்சி ஆசிரியர், பத்து நிமிஷத்துக்கெல்லாம் அவர் பக்கத்திலேயே இடம் பிடித்தார். நாம் எப்படித் தப்பினோம் என்பது தெரியவில்லை. தூரத்தில் தெரிந்த கரையையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது காரணமாக இருக்கலாம்.

பையன் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், போய் உட்கார்ந்த சமயம் பார்த்து அண்ணாச்சி நம் அருகில் வந்தார்.

"சார், ஒரு உபகாரம். இவன் இந்த வருஷம் பத்தாங் கிளாஸ் போறான். கணக்குல மார்க் ரொம்பக் கொறவு. லீவு விட்ட அன்னைக்கே வள்ளத்துல ஏறிட்டான். படிச்சு ஒரு உத்தியோகத்துக்குப் போடான்னா, கடலுக்குத்தான் வருவேன்னு நிக்கான். நான் சொன்னா கேக்க மாட்டான். வாத்தியாருங்க நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"உங்கள் தகப்பனார், பாட்டனார் எல்லோரும் செய்த தொழில்தானே, அண்ணாச்சி?" என்றோம்.

"எங்க அண்ணன் ஒருத்தன் இருந்தான், சார். வள்ளம் வந்துச்சு. ஆள் வரல."

அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. துணியை எடுத்து எஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப்பின் வேகம் குறைந்தது. 'பார்' நெருங்கிவிட்டது என்றார்கள். கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். ஒரு காலத்தில் முத்துச் சிப்பி விளைந்ததும் இத்தகைய பார்களில்தான். கொற்கை முத்தைப் பற்றி வகுப்பில் நாம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அந்தக் கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிப்போன ஒரு கிராமம். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். முத்து போனாலும் பாரும் மீனும் இருக்கின்றன.

சுற்றிலும் ஒரே தண்ணீர். இதில் இந்த இடம்தான் பார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அண்ணாச்சியிடம் ஜி.பி.எஸ். கருவி ஒன்று இருந்தது. பாலிதீன் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுக்கவே இல்லை. பையன் எழுந்து நின்று, மேற்கே கரையைப் பார்த்தான். பிறகு வடமேற்கே பார்த்தான். "இன்னும் கொஞ்சம் தெக்க, அப்பா... கொஞ்சம்... போதும்" என்றான். நங்கூரம் விழுந்தது. கயிறு எட்டுப் பாகத்தில் தரை தட்டியது. பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், சுமார் ஆறடி.

விஷயம் இதுதான். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி ஒன்று, அதற்கு முன்னால் உள்ள ஒரு கட்டடத்தின் தலைமேல் வந்து நிற்க வேண்டும். அதே சமயத்தில் வடக்கே வேறு இரண்டு அடையாளங்கள் ஒன்றையொன்று மறைக்க வேண்டும். இரண்டும் கூடிவந்தால் காலடியில் பார். அந்த அடையாளங்கள் எவை என்பதை எங்கும் வெளியிடுவதில்லை என்று நாங்கள் வாக்குக் கொடுத்திருப்பதால் நேயர்கள் மன்னிக்க வேண்டும். அது ஒரு குடும்பத்தின் சொத்து.

இதைக் கேட்டதும் கணக்கு வாத்தியாருக்குத் தலைசுற்றல் போய்விட்டது. ஐஸ் பெட்டியின் மூடியில் பேனாவால் இரண்டு கோடுகள் இழுத்தார். "தம்பி, இது ஒரு நேர்கோடு. இது இன்னொன்று. வெட்டிக்கொள்கிற இடம் இது. நாம் உட்கார்ந்திருப்பது இங்கே" என்றார்.

பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒம்பதாங் கிளாஸ்ல ரெண்டு சமன்பாடு போட்டு, வெட்டுற புள்ளியைக் கண்டுபிடின்னாங்களே, அது இதா, சார்?"

"இதேதான்!"

"பாரைக் கண்டுபிடிக்கன்னு அங்க யாரும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு, இரை வெட்டப் போய்விட்டான். கணக்கு வாத்தியார் பேனாவை மூடாமல் வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

தூண்டில் என்றால் கழியும் சக்கரமும் அல்ல. தங்கூசி நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, முள், முள்ளில் கணவாய்த் துண்டு. அவ்வளவுதான். நரம்பை ஆள்காட்டி விரலின்மேல் ஓடவிட்டுப் பிடித்திருக்க வேண்டும். எட்டுப் பாகம் கீழே நடப்பதை அந்த விரல் சொல்லும். நமது விரல் ஒன்றும் சொல்லவில்லை. அல்லது, எல்லாவற்றையும் மீன் என்று சொல்லியது. பையன் நம்முடைய நரம்பைத் தன் விரலால் இலேசாகத் தொட்டுப் பார்த்து, "இது கிளாத்தி, சார், இரையைக் கொறிக்குது. இழுக்காதீங்க" என்பான். சற்று நேரத்தில், "இது விளைமீன், இழுங்க!" என்பான். இழுத்தால் விளைமீன்தான் வரும்! ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தேகப்பயிற்சி ஆசிரியர் நாலு விளைமீன் பிடித்தார், நாம் இரண்டு. முதல் மீன் சூரிய வெளிச்சத்தில் துள்ளி வெளியே வந்தபோது, நாற்பத்தாறு வயதில் ஒரு பள்ளி ஆசிரியர் எழுப்பத் தகாத கூச்சல் ஒன்றை எழுப்பினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பிறகு அது வந்தது. நரம்பு விரலை அறுத்துக்கொண்டு ஓடிற்று. "பாறை மீன், பெரிசு! விடுங்க சார், ஓட விடுங்க!" என்று பையன் பக்கத்தில் வந்து குந்தினான். விட்டோம். "இப்ப நிக்குது. இழுங்க, மெள்ள." இழுத்தோம். மறுபடியும் ஓட்டம். மறுபடியும் விடு, மறுபடியும் இழு. கால் மணி நேரம் போயிருக்கும். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு பெரிய வெள்ளித் தாம்பாளம் சாய்ந்து திரும்பியதைக் கண்ணால் கண்டோம். "விடுங்க!" என்றான் பையன். ஆசை யாரை விட்டது? நாம் விடாமல் இழுத்தோம். நரம்பு பட்டென்று அறுந்தது. வெறும் நூல் காற்றில் ஆடியது.

பையன் சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. புது முள் எடுத்து முடிச்சுப் போட்டு நம் கையில் கொடுத்தான். "மொதத் தடவ எல்லாருக்கும் இப்படித்தான், சார்."

இருபது வருஷத்தில் இந்த வார்த்தையை எத்தனை பையன்களிடம் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம். நரம்பு அறுத்த அந்த ஒரு கையின் விரல்களே எண்ணுவதற்குப் போதுமானவையாக இருந்தன.

பதினொரு மணிக்குக் கச்சான் எழும்பியது. மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்று ஆனி, ஆடியில்தான் முழு மூச்சாய் அடிக்குமாம். அன்று அடித்தது ஒத்திகை. கரை மேற்கே, காற்றும் மேற்கிலிருந்து. நங்கூரத்தை எடுத்துப் புறப்பட்டுப் பாதி வழி வந்திருப்போம். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

அந்த நிசப்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதுவரை கேட்காத அலையோசை திடீரென்று காதுக்குள் வந்தது. நனைந்த சட்டைகளோடு மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புகைபோக்கி இருந்த இடத்தைப் பார்த்தோம். அது கொஞ்சம் குட்டையாகியிருந்தது. அண்ணாச்சி நங்கூரத்தைப் போட்டார். அது பிடிக்காமல் மணலில் இழுபட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களும் நமக்கு ஞாபகம் வந்தன. அவருக்கும் வந்திருக்கும்.

பையன் எஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்தான். "டீசல் குழாய்ல காத்து பூந்திருக்கு, அப்பா." வாயால் குழாயை உறிஞ்சினான், துப்பினான், திருகைத் தளர்த்தினான், மறுபடியும் முறுக்கினான். கயிற்றைச் சுற்றி இழுத்தான். எஞ்சின் கேட்கவில்லை. நாலாவது இழுப்பில் உயிர் வந்தது. மொத்தம் இருபது நிமிஷம் இருக்கும் என்று கணக்கு வாத்தியார் சொன்னார். அவர் கடிகாரம் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் நமக்கு அதில் நம்பிக்கை இல்லை.

திரேஸ்புரத்தில் இறங்கியபோது தரை ஆடியது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊரின் மண்ணில் நின்றுகொண்டு, கப்பலும் வேண்டாம், வள்ளமும் வேண்டாம் என்று தேகப்பயிற்சி ஆசிரியர் கும்பிட்டார். பையன் மீனைப் பங்கு வைத்தான். நமக்கு ஒரு கூடை, வள்ளத்துக்கு ஒரு கூடை. கணக்கு வாத்தியார் தம் பங்கைத் தொடவில்லை. ஐஸ் பெட்டி மூடியைக் கேட்டார். அதைக் கழுவிவிட்டதாகச் சொன்னார்கள்.

அண்ணாச்சி நம்மைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். தாழ்ந்த குரலில், "சொன்னீங்களா, சார்?" என்று கேட்டார்.

"சொன்னோம், அண்ணாச்சி" என்றோம். சொல்லவில்லை. எட்டு மணி நேரம் அந்தப் பையனோடு இருந்தோம். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"என்ன சொன்னான்?"

"யோசிக்கிறேன் என்றான்."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. நாம் திரும்பினோம். இரண்டடி தூரத்தில் பையன் நின்றுகொண்டிருந்தான், கையில் கூடை, எல்லாவற்றையும் கேட்டிருந்தான். நம்மை ஒரு கணம் பார்த்தான். பிறகு வள்ளத்துப் பங்கிலிருந்து இரண்டு விளைமீனை எடுத்து நம் கூடையில் போட்டுவிட்டு, வலைகளை அலசப் போய்விட்டான்.