கம்பளித் துண்டும் ஒற்றைத் தலைமுடியும்

மாசாய் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபம். கல்யாண நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு நடுவில் நான்கைந்து நீள மேசை போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை. ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. 2025 ஜனவரியில் அது மறுபடி சனி, ஞாயிறு என்றானது. டியூஷன் நேரமெல்லாம் தலைகீழாகிப்போய் இப்போதுதான் ஒரு வழிக்கு வந்திருக்கிறது. நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள், இருபது பேர் இருக்கலாம். கடைசி வரிசையில் உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. வாயைத் திறக்கக்கூடாது என்பது டீச்சர் போட்ட நிபந்தனை.

டீச்சருக்கு ஐம்பது வயது மதிக்கலாம். ஒயர் இழுக்கும் வெள்ளை பிவிசி குழாய் ஒரு முழம், கேமரன் மலைக்குப் போனபோது வாங்கியதாகச் சொன்ன கம்பளித் துண்டு, காலியான 100 பிளஸ் டின், லேசர் பேனா, பஞ்ச் அடித்து உதிர்ந்த காகிதப் பொட்டுகள். அவர் மேசையில் இருந்தவை இவ்வளவுதான். புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது.

குழாயைக் கம்பளியால் பரபரவென்று தேய்த்துக் காகிதப் பொட்டுகளுக்கு மேலே நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரே ஒரு பொட்டு பேருக்குப் புரண்டு படுத்தது.

“யூடியூப்ல ஒட்டுச்சே டீச்சர்,” என்றான் ஜேடிடி ஜெர்சி போட்ட ஒரு பையன். சிரிப்பு.

“இங்க ஏன் ஒட்டல?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு டீச்சர் சும்மா நின்றார். நானாக இருந்தால் அந்த இடைவெளியில் பதிலைச் சொல்லித் தொலைத்திருப்பேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“குழாய் சரியில்ல.” “சரியா தேய்க்கல லா.” பதில்கள் வந்தன, போயின. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மெதுவாக, “ராத்திரி மழை பெஞ்சிச்சு டீச்சர்,” என்றாள்.

“மழைக்கும் குழாய்க்கும் என்னம்மா சம்பந்தம்?”

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பிடித்த இடம் சரி. ஜொகூரின் காலைக் காற்றில் ஈரப்பதம் சர்வசாதாரணமாகத் தொண்ணூறு சதவீதத்தைத் தொடும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் எல்லாப் பொருளின் மேலும் படிந்துவிடும். தேய்க்கும்போது கம்பளியிலிருந்து குழாய்க்கு எலக்ட்ரான்கள் வரத்தான் செய்கின்றன. வந்த சுருக்கிலேயே அந்தப் படலத்தின் வழியாகக் கைக்குக் கசிந்து போய்விடுகின்றன. நிலைமின்சாரப் பாடத்தை ஐரோப்பியப் பனிக்கால அறைகளில் செய்து பார்த்து எழுதி வைத்தார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் அதே சோதனையைச் செய்து ஒன்றும் ஒட்டாமல், “அறிவியல் என்றால் மனப்பாடம்தான்” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

ஜன்னல்களைச் சாத்தினார்கள். குளிர்சாதனத்தை முடுக்கினார்கள். யாரோ ஒருத்தி அக்காவின் முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்திருந்தாள். டீச்சர்தான் சொல்லியிருக்க வேண்டும். குழாயையும் கம்பளியையும் அதில் சூடு காட்டினார்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி தேய்த்தபோது பொட்டுகள் துள்ளி எழுந்து குழாயை அப்பிக்கொண்டன. 100 பிளஸ் டின்னைப் படுக்க வைத்துக் குழாயைக் கிட்டே கொண்டுபோனார். தொடாமலே டின் உருண்டு பின்தொடர்ந்தது. “அலாமா!” என்றது முன்வரிசை.

எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. ஒட்டியிருந்த பொட்டுகளில் ஒன்றிரண்டு சற்று நேரத்தில் தாமாக எகிறித் தெறித்தன. எல்லாரும் டின்னைப் பார்த்துக்கொண்டிருக்க, ஜெர்சிக்காரன் மட்டும் அதைக் கவனித்தான். “ஒட்டினது ஏன் டீச்சர் ஓடுது?” குழாயைத் தொட்ட பொட்டு அதன் மின்னூட்டத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறது, பிறகு இரண்டும் ஒரே வகை, ஒன்றையொன்று தள்ளும். இதை அவன் வாயிலிருந்தே வரவழைக்க டீச்சர் பத்து நிமிடம் செலவழித்தார்.

அதற்குள் ஜன்னலோரப் பெண்ணுக்கு வேறொரு சந்தேகம். “ஈரம் இருந்தா கரண்டு ஓடிடும்னீங்க. மேகம் பூரா ஈரம்தானே, அதுல எப்படி இடி வருது?”

இதற்கு எஸ்பிஎம் தேர்வில் மதிப்பெண் கிடையாது. அன்றைய காலையின் உச்சம் இந்தக் கேள்விதான் என்பேன். டீச்சர் வெள்ளைப்பலகையில் ஒரு மேகம் வரைந்தார். ஈரக்காற்று அப்படியொன்றும் மின்சாரத்தைக் கடத்தாது. திடப்பொருள் மேல் படியும் நீர்ப்படலம்தான் இங்கே கசியவிட்டது. மேலே உறைநிலைக்குக் கீழான குளிரில் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதிக்கொள்கின்றன. இலேசான துகள்கள் பெரும்பாலும் நேர்மின்னூட்டத்தோடு மேலே போக, கனமானவை எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. பிரிவு முற்றினால் காற்றே தாங்காமல் உடைகிறது. அதுதான் மின்னல். ஒரு வீச்சில் சுமார் 30,000 ஆம்பியர் பாயும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் தவறாமல் இடிக்கிற ஊர் இது. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயர் மின்னழுத்தத்துக்கென்றே ஓர் ஆய்வுக் கழகம் இயங்குகிறது. “படிச்சா அங்க போகலாம்,” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டாளா என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

சுண்டலும் மைலோவும் முடிந்து விளக்கை அணைத்தார்கள். இனி ஒளி.

“கண்ணாடிக் கோயிலுக்குப் போயிருக்கீங்களா?” ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கோயிலைக் கேட்கிறார். எல்லாக் கையும் உயர்ந்தது. சுவரும் கூரையும் கண்ணாடிச் சில்லாகப் பதித்த கோயில்; ஒரு விளக்கு ஆயிரமாகத் தெரியும். “அங்க வெளிச்சம் நேர்கோட்டுல போய்த் திரும்புது. இங்க என்ன பண்ணுதுன்னு பாப்போம். ஒரு முடி குடுங்க.”

பையன்கள் எல்லாம் ஒட்ட வெட்டிய தலை. கடைசியில் பின்னல் போட்ட ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்றைப் பிடுங்கித் தந்தாள். அதை அட்டைத் துளையின் குறுக்கே நட்டுக்குத்தாக ஒட்டி, கண்ணுக்கு நேரே யாரும் வரக்கூடாது என்று அதட்டிவிட்டு, லேசரை அதன்மேல் விட்டார். மூன்று மீட்டர் தள்ளிச் சுவர். நடுவில் முடியின் நிழல் விழும் என்பது வகுப்பின் ஏகமனதான ஊகம். சுவரில் நிழலைக் காணோம். நடுவே பளிச்சென்று ஒரு சிவப்பு. அதன் இரு பக்கமும் கிடைமட்டமாக, விட்டுவிட்டுச் சிவப்புக் கோடுகள், போகப்போக மங்கலாக.

1803-இல் தாமஸ் யங் லண்டன் ராயல் சொசைட்டியில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். மெல்லிய சூரியக் கற்றையின் குறுக்கே ஓர் அட்டைக் கீற்றை விளிம்புவாக்கில் பிடித்தார். அதன் அகலம் ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு. இரு பக்கமும் வளைந்து வந்த ஒளி பின்னால் கலந்து கோடு கோடாக விழுந்தது. துகளாக இருந்தால் இப்படி விழாது. அலையாக இருந்தால்தான் சில இடத்தில் கூடும், சில இடத்தில் அழியும்.

பிள்ளைகள் அடிக்கோலை எடுத்துக்கொண்டு சுவருக்கு ஓடினார்கள். அடுத்தடுத்த இருட்டுகளுக்கு இடையே 2.8 செ.மீ. லேசர் மேல் அச்சிட்டிருந்த அலைநீளம் 650 நானோமீட்டர். பெருக்கி வகுத்தால் முடியின் தடிமன் 0.07 மி.மீ. அதன்பிறகு வகுப்பு டீச்சர் கையில் இல்லை. யார் முடி தடிமன் என்று போட்டி. டீச்சரின் நரைமுடியையும் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

குறை ஒன்றும் சொல்லியாக வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் யங்கின் இரட்டைப்பிளவுச் சூத்திரத்தையும் பழைய தேர்வுக் கேள்விகளையும் டீச்சர் மூச்சுவிடாமல் ஓட்டினார். பிள்ளைகள் தலை குனிந்து எழுதினார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. தேர்வு அப்படி.

திருவிழா இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் ஜொகூர் எங்கும் இருக்கின்றன. அன்று மேசைமேல் இருந்த சாமான் அத்தனையும் நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கும். கோயில் நிர்வாகத்தார் மாதம் ஒரு காலைப் பொழுது சாவியைக் கொடுத்து உதவ வேண்டும். முடிந்தால் அரை மணி நேரம் முன்னதாகக் குளிர்சாதனத்தையும் போட்டுவிடுங்கள்.