குஞ்சியில் சும்மா இருந்த நாள்

மலைப்பயணம் கிளம்பும் நகரத்துப் பிள்ளைகள் திட்டத்தைப் பார்த்ததும், "நடுவுல ஒரு நாள் எதுக்குச் சும்மா உட்காரணும்? அதை எடுத்துட்டா லீவு மிச்சமாகுமே"ன்னு கேட்கிறார்கள். அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2019 ஜூலையில் லிபுலேக் வழியாகக் கயிலாய யாத்திரை போனேன். எங்க கண்மாய் வறண்டு கிடந்தது. விதைப்புக்கும் நாள் இருந்தது. தார்ச்சுலா சுமார் 900 மீட்டர் உயரம். அங்கிருந்து மால்பா, புதி என்று காளி நதியோரமாக ஏறி வந்தால் குஞ்சி, சுமார் 3,200 மீட்டர். அங்கே தங்கியே ஆகணும். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை மருத்துவர்கள் சோதித்துச் சரியென்றால்தான் மேலே போகலாம்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் குஞ்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது நம்ம ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. கயிலாயத்தைச் சுற்றும்போது வரும் டோல்மா கணவாயில், 5,600 மீட்டருக்கு மேலே, பாதிதான். உடம்பு இதற்குப் பழக நாள் கேட்கும். 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு ஓய்வு வேணும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

நாத்தைப் பறிச்சு நட்டா ஒரு வாரம் மஞ்சளடிச்சு, தலை தொங்கி நிக்கும். புதுசாப் பார்க்கிறவங்க பயிர் போச்சுன்னு நினைப்பாங்க. அது அப்போ வேர் விட்டுக்கிட்டு இருக்கும். நாங்க அதை 'பச்சை பிடிக்கிறது'ன்னு சொல்லுவோம். அது முடிஞ்ச பிறகுதான் தூர் கட்டும். குஞ்சியில் எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

சும்மான்னா படுத்துக் கிடக்கிறது இல்லை. பகல்ல தூங்காதீங்க, தண்ணி குடிங்க, மெதுவா நடங்கன்னு சொன்னாங்க. ஊருக்குள்ளே நடந்தேன். உருளைக்கிழங்கு வயல், பழைய வீடுகளில் மரச் செதுக்கல் சன்னல். நம்ம செட்டிநாட்டு நிலைக்கதவு ஞாபகம் வந்தது. குளிர்காலத்துக்கு ஊரே தார்ச்சுலாவுக்கு இறங்கிடுமாம்.

சாயங்காலம் சோதனை முடிவு வந்தது. எங்ககூட வந்த தேவகோட்டை ஓய்வுபெற்ற ஆசிரியரைத் திரும்பச் சொல்லிட்டாங்க. ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. பத்து வருஷம் காசு சேர்த்தவர். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "அண்ணே, கீழே இறங்கினா சரியாகிடும். மேலே போய் மூளையிலோ நுரையீரல்லயோ நீர் கோத்தா உயிருக்கே ஆபத்து"ன்னேன். அவருக்கு அது தெரியாததில்லை. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "அப்பரையும் பாதி வழியில திருப்பித்தானப்பா அனுப்பினாரு"ன்னார். உடம்பு தேஞ்சு விழுந்த அப்பரைக் குளத்தில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழுந்தவருக்குக் கயிலைக் காட்சி கொடுத்த கதை.

காலையில் நாங்க மேலே நடந்தோம், அவர் கீழே. திரும்பிப் பார்க்க எனக்கு மனசு வரலை. அந்த ஆடி அமாவாசைக்குத் திருவையாறு போயிருந்தேன்னு போன் பண்ணினார். குரல் தெளிவா இருந்தது.

மலைக்குப் போறீங்களா, போயிட்டு வாங்க. லீவு பத்தலைன்னா அடுத்த வருஷம் போங்க. அந்த ஒரு நாளை மட்டும் வெட்டாதீங்க.