பெற்றோர் படித்துப் பேசிய தாய்மொழி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் வாழும் பழங்குடிகள் வாம்பனோவாக் மக்கள். அவர்களின் மொழியைப் பேச நூறாண்டுக்கும் மேலாக ஒருவர்கூட இல்லாமல் இருந்தது.

ஆனால் அது காகிதத்தில் தங்கியிருந்தது. 1663-இல் ஜான் எலியட் என்ற பாதிரியார் முழு விவிலியத்தையும் அம்மொழியில் அச்சிட்டார். மதம் மாற்ற வந்த புத்தகம் அது. எழுதப் பழகிக்கொண்ட மக்களோ நிலப் பத்திரம், உயில், கடிதம் என்று தங்கள் வாழ்க்கையையே அந்த மொழியில் எழுதி வைத்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய காரியம்!

அந்தத் தாள்களைத்தான் வாம்பனோவாக் பெண்ணான ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் கையில் எடுத்தார். 1993-இல் மொழி மீட்புத் திட்டத்தில் இறங்கிய இவர், பிறகு எம்.ஐ.டி.யில் மொழியியல் படித்தார். பேராசிரியர் கென் ஹேலுடன் சேர்ந்து, இன்னும் பேச்சில் இருக்கும் உறவு மொழிகளோடு ஒப்பிட்டு, உச்சரிப்பையும் இலக்கணத்தையும் மீட்டார். இந்தப் பணிக்காக 2010-இல் மெக்கார்தர் அறக்கட்டளையின் நல்கை அவருக்குக் கிடைத்தது.

அதைவிடப் பெரிய வேலை வீட்டில் நடந்தது. பேர்ட்டும் அவர் கணவரும் தங்கள் மகளிடம் அந்த மொழியில் பேசினார்கள். கொஞ்சும்போது மட்டுமல்ல, அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சோறூட்டும்போதும் அதே மொழி. இலக்கண நூல் எழுதுவதைவிட இதற்குத்தான் நெஞ்சுரம் அதிகம் வேண்டும். நூறாண்டுக்குப் பின் அதைத் தாய்மொழியாகப் பெற்ற முதல் குழந்தை அந்த மகள்தான். மாசசூசெட்ஸின் மாஷ்பீ ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு அம்மொழியிலேயே பாடம் சொல்லித்தரும் பள்ளியும் பின்னர் உருவானது.