ஐஸ் ஹவுஸ் விடுதி

கண்ணம்மா, நேற்று போனில் அரை மணி நேரம் விடுதியைப் பற்றியே புலம்பினாய். சாம்பார் தண்ணீர், சப்பாத்தி தோல், ராத்திரி எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டு விஷயத்தில் நான் உன் கட்சிதான். ஆனாலும் விடுதி என்றதும் எனக்கு சகோதரி சுப்பலட்சுமி ஞாபகம் வந்துவிட்டது.

1886இல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம், கொஞ்ச காலத்திலேயே புருஷன் போய்விட்டான். அந்தக் காலத்துப் பிராமண வீடுகளில் அப்புறம் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவர் அப்பா சுப்பிரமணிய ஐயர் படிக்க வைத்தார். அதே கதிக்கு ஆளான சித்தி வாலாம்பாள் துணை நின்றார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. ஊர் வாய் சும்மா இருந்திருக்குமா என்ன!

பட்டம் வாங்கியவர் ஒரு வேலையோடு நின்றிருக்கலாம். தன்னைப் போலவே முடங்கிக்கிடந்த சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடம் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாடம் சொல்லித்தர ஆள் கிடைக்கும். அந்தப் பெண் ராத்திரி எங்கே தூங்குவாள்? யார் சோறு போடுவார்கள்? அதனால் முதலில் வீடு. எழும்பூரில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களோடு தொடங்கினார். விதவை எதிரே வந்தாலே சகுனம் பார்த்த ஊரில் அவர்களை ஒரே கூரையின் கீழ் வைப்பது லேசான காரியமா?

பிறகு கிடைத்ததுதான் மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. 1897இல் விவேகானந்தர் தங்கியிருந்தார். 1917இல் அரசாங்கம் அதை வாங்கி இந்தப் பெண்களுக்குக் கொடுத்தது. சமையல்கட்டைத் தாண்டாத பிள்ளைகள் விடிந்ததும் கடலைப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கும்.

ஒரு நெருடலும் உண்டு. அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே. ஆசாரத்தை மீறினால் வீட்டார் பெண்ணைத் திருப்பி அழைத்துப் போய்விடுவார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கட்டும். வாசலுக்கு வெளியே நின்ற மற்ற பெண்களுக்கு அந்தச் சமாதானம் என்ன செய்யும்? பெரியவர்களை மதிப்பது வேறு, கேள்வியை விழுங்குவது வேறு.

அவரும் அதே வாசலில் நின்றுவிடவில்லை. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வர். 1942இல், பேரன் பேத்தி எடுக்கும் வயதில், பாதியில் படிப்பை விட்ட கல்யாணமான பெண்களுக்காக இன்னொரு பள்ளி. அறுபதைத் தாண்டியபின் தாம்பரம் பக்கம் மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல மையம். 1958இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 1969இல் காலமானார்.

ஐஸ் ஹவுஸ் இப்போது விவேகானந்தர் இல்லம். மெரினாவுக்குப் போனால் மாடியை ஒரு நிமிஷம் அண்ணாந்து பார். மாவடு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். பக்கத்து அறைப் பெண்ணுக்கும் கொடு, ஒளித்து வைத்துத் தின்னாதே.