கல்முனை ரோட்டில் நாங்கள் இறங்காத இடம்

கல்லடிப் பாலம் தாண்டிக் கல்முனை ரோட்டால போற பஸ்ஸில நாங்கள் எத்தனை தரம் காத்தான்குடியைக் கடந்திருப்பம் எண்டு கணக்கில்லை. பெருநாள், பொங்கல் எண்டால் புடவை எடுக்க இறங்குவம். ஆனால் மீரா ஜும்ஆப் பள்ளிக்குள் போனது போன வருசம்தான்.

1990 ஆகஸ்ட் 3, இரவுத் தொழுகை நேரம். அந்தப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் தொழுதுகொண்டு நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேலானோர் இறந்தார்கள். அதில் சிறுவர்களும் உண்டு. குண்டு பட்ட ஓட்டைகளைப் பூசாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். கூட்டிப்போன நண்பன் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து பிளேன்ரீ குடிக்கும்போதுதான் கேட்டான்: "ஒங்கட ஊட்டுல இதப்பத்திக் கதைப்பாங்களா மச்சான்?"

கதைப்பதில்லை. எங்கட வீடுகளில் கதைப்பது அதற்கு ஐந்து கிழமைக்குப் பிறகு வந்த செப்டம்பர் 9 பற்றி. சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஊர்ச் சனங்களை இராணுவம் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்ற நாள். 184 பேரை நினைவுகூருகிறோம். விசாரணை ஆணைக்குழுவும் இருந்தது. தண்டனை மட்டும் ஒருத்தருக்கும் இல்லை.

முதலாவதைப் பயங்கரவாதம் என்று சொல்ல அரசுக்கு வாய் வரும், இரண்டாவதுக்கு வராது. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. 2021 மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுக்குக் கிரான் பக்கம் கடற்கரையில் கூடியதற்காக 10 பேரை அந்தச் சட்டத்தில் பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். அதற்கு முந்தின வருசம், மிருசுவிலில் 8 பொதுமக்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்க ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார். அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றமே உறுதிசெய்திருந்தது.

இதெல்லாம் நாங்கள் சத்தமாகச் சொல்லுற கதை. ஆனால் 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் செத்த பிறகு, அதே சட்டம் காத்தான்குடி வீடுகளின் கதவைத் தட்டியபோது நாங்கள் என்ன செய்தோம்? எங்களில் சிலர் அந்தக் கடைகளில் புடவை எடுப்பதை நிறுத்தினோம். "விசாரிக்கத்தானே வேணும்" என்றோம். எங்கட அப்பாமாரைப் பிடித்த காலத்தில் தெற்கில் சொன்னதும் அதே கதைதான்.

குண்டு வைத்தவர்களை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியாக எடுக்கிற சட்டம், யாரைப் பிடித்தாலும் பிழையான சட்டம்தான். எங்களைப் பிடிக்கும்போது மட்டும் அது பிழையாகத் தெரிந்தால், நாங்கள் கேட்பது நீதி இல்லை.

நண்பனுக்கு அன்றைக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. வருகிற ஆகஸ்ட் 3 பள்ளிக்குப் போகிறதென்று முடிவெடுத்திருக்கிறோம். செப்டம்பர் 9க்குச் சத்துருக்கொண்டானுக்கு அவனையும் கூப்பிட்டிருக்கிறோம். வாறன் எண்டான்.

வீட்டில இன்னும் சொல்லல்ல.