குளத்தில் மிதந்த காளான்

எங்கள் பழைய ஆபீஸ் கோஷ்டியில் மொத்தம் ஐந்து பேர். ஐவருக்கும் தொப்பை உண்டு. நீச்சல் தெரிந்தது இருவருக்கு. அந்த இருவரில் அடியேன் இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு சனிக்கிழமை கூடுவதென்றால், "ஸ்விம்மிங் பூல் இருக்கிற வீடா பாருடா" என்றுதான் போன் வரும். மல்லாக்கப் படுத்து முட்டளவு தண்ணீரில் கால் ஆட்டுவதற்கு எதற்கய்யா நீச்சல்?

இந்த முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில், பட்டிபுலம் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரி உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டதால், ஏழு வயசு வாரிசு என் தலையில். அவனையும் ஒரு காற்றடித்த டியூபையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தச் சாலை உங்களுக்குத் தெரியும். முட்டுக்காடு வந்தால் படகு, வடநெம்மேலி வந்தால் முதலை. இரண்டுக்கும் கை காட்டிக்கொண்டே போனால் நெம்மேலி. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை இங்கேதான் இருக்கிறது. 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்; 2024-ல் இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலையும் சேர்ந்துகொண்டது. எல்லாம் சென்னைக்கு. அதன் வாசலைத் தாண்டியே தண்ணீர் லாரிகள் சொட்டச் சொட்ட ஓடுகின்றன. அவை போவது எங்களை மாதிரி ஆசாமிகள் கால் ஆட்டுகிற குளங்களுக்கு.

வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. அலைச் சத்தம் கேட்கிறது. கடலில் இறங்காதீர்கள் என்று போர்டும் இருக்கிறது. இழுப்பு அதிகமுள்ள கரை. அதனால் வங்காள விரிகுடாவை வாசலில் வைத்துக்கொண்டு, கொல்லையில் குழி வெட்டி லாரித் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறோம். சரி, விடுங்கள்.

குளம் 30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரியாக 4 அடி ஆழம். பி.காம். படித்தவன் எதையும் பெருக்காமல் விடமாட்டான். கிட்டத்தட்ட 51,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் நாலு லோடுக்குக் கொஞ்சம் மேலே.

அதன் நடுவில் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. வெள்ளையும் நீலமுமாக பிளாஸ்டிக். மேலே தட்டையான தொப்பி, கீழே தண்டு. மழைக்காலத்தில் வேலியோரம் முளைக்குமே, அந்தக் காளானைத் தலையைப் பிடித்துத் தண்ணீரில் விட்ட மாதிரி. என் வாரிசின் கண்ணில் அது பட்டவுடனே பொம்மை ஆகிவிட்டது.

டியூபைத் துழாவிக்கொண்டு போய் இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்தவன் சும்மா இருப்பானா? வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறப்பவன். மூடியைத் திருக ஆரம்பித்தான்.

"தம்பீ! விடு அதை! விட்ருப்பா!"

கத்தியது நானில்லை. நான் பிரியாணிப் பொட்டலத்தின் நூலோடு போராடிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற மனிதர், ஐம்பது வயதிருக்கும், கட்டியிருந்த கைலியோடு தொபுக்கென்று குதித்து, பையனை ஒரு கையிலும் காளானை ஒரு கையிலும் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"சார், இது வெளையாட்டு சாமான் இல்ல. உள்ள குளோரின் மாத்திரை இருக்கு. மூடியைத் தொறந்தா உள்ள அடைஞ்சிருக்கிற காத்து நேரா மூக்குல ஏறும். சின்னப் புள்ள, தாங்காது. காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் எடுத்துக் கரையில வச்சேனே?"

அவர் வைத்தது வாஸ்தவம். எங்கள் கோஷ்டியின் போட்டோ மன்னன் அதை மறுபடி தண்ணீரில் விட்டிருக்கிறான். 'ஃபாரின் லுக்' வருமாம். அவனை நாங்கள் என்ன சொன்னோம் என்பதைக் குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது.

பையனை நல்ல தண்ணீரில் கழுவி, துண்டு சுற்றி, சிப்ஸ் பாக்கெட் கொடுத்து உட்கார்த்தி வைத்தேன். கண் சிவந்திருந்தது. "குளோரின் ஜாஸ்தி போட்டுட்டீங்களாண்ணே? வாசனையே தூக்குதே" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

அவர் சிரித்தார். "வாசனை வந்தா குளோரின் ஜாஸ்தின்னு அர்த்தமில்ல சார். வேர்வை, எண்ணெய், அப்புறம்... நீங்க தப்பா நெனைக்கக் கூடாது... ஒண்ணுக்கு, இதெல்லாம் குளோரினோட சேர்ந்தா வர்ற வாடை அது. கண்ணு எரியறதும் அதனாலதான். குளிச்சிட்டு எறங்கினா பாதி கொறையும். யாரு குளிக்கிறா?"

ஐந்து தொப்பைகளும் ஐந்து திசையில் பார்த்தன.

பம்பு அறை நிழலில் உட்கார்ந்து அவர் காளானைத் திறந்து காட்டினார். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார். கையில் ரப்பர் உறை. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை வில்லை, ராட்சசக் கற்பூரம் போல. புதிதாக இருக்கும்போது ஒன்று 200 கிராம். தண்டின் அடியில் பிளந்த பிளந்த துவாரங்கள். மேலே ஒரு வளையத்தைத் திருகினால் துவாரம் பெரிதாகும், சிறிதாகும். தண்ணீர் உள்ளே போய் வர, வில்லை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. அவ்வளவுதான் இயந்திரம்.

"ப்ளீச்சிங் பவுடரை மட்டும் இதுக்குள்ள சேர்த்துப் போட்ரக் கூடாது சார். ரெண்டும் கலந்தா தீப்புடிக்கும், வெடிக்கும்" என்றார். போட்டோ மன்னன் இரண்டடி தள்ளி உட்கார்ந்தான்.

காளானின் இடுப்பில் ஒரு நைலான் கயிறு. அது எதற்கு? மதியம் கடல்காற்று எழும்பினால் காளான் மேற்கு மூலைக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம். ஒரே இடத்தில் நின்று குளோரினைக் கக்கினால் அந்த இடம் வெளுத்துவிடும். காட்டினார். மேற்கு மூலையில் டைல்ஸ் இடுக்கெல்லாம் சோகை பிடித்த மாதிரி இருந்தது. கயிறு கட்டியது அதற்குப் பிறகு.

"எங்கப்பா இதே வேலைதான் சார் பார்த்தாரு" என்றார் திடீரென்று. "மரக்காணம் பக்கம் பஞ்சாயத்துல. பூல் இல்ல, கெணறு."

எனக்கு ஆச்சரியம். அவர் விளக்கினார். பானைக்குள் ஒரு பானை. ஒரு கிலோ ப்ளீச்சிங் பவுடர், இரண்டு கிலோ மணல் கலந்து உள்பானையில் போடுவது. இரண்டு பானையிலும் ஆளுக்கொரு ஓட்டை. வாயைக் கட்டி, கயிற்றில் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்குக் குளோரின் மெல்லக் கசியும். நாக்பூரில் இருக்கும் நீரி ஆராய்ச்சி நிலையம் வகுத்துக் கொடுத்த முறை இது. கைக்காசு இல்லாத ஊருக்கு மண்பானை, காசுள்ள ஊருக்கு பிளாஸ்டிக் காளான்!

"ஆனா கெணத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு சார். வெயில்."

வெயில் பட்டால் குளோரின் நிற்காது. திறந்த குளத்தில், நம் ஊர் உச்சிவெயிலில், ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் காலி. கிணறு தானே நிழல், குளம் வெட்டவெளி. அதனால் இந்த வில்லையில் குளோரினோடு ஸயனூரிக் அமிலம் என்று ஒன்றைச் சேர்த்தே செய்திருக்கிறார்கள். குளோரினுக்குக் குடை பிடிக்கிற ஆசாமி. குளோரின் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். குடைக்காரர் போகமாட்டார். வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர்தான். அவர் குளத்திலேயே தங்குவார். அடுத்த வில்லை போட்டால் அடுத்த குடைக்காரர். நூறு குடை சேர்ந்தால் என்ன ஆகும்? குளோரின் குடைக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். கிருமியோடும் பாசியோடும் சண்டைக்கு வராது. வந்தாலும் ஆமை வேகம்.

பி.காம்.காரனுக்கு இது சட்டென்று புரிந்தது. குளோரின், செலவுக் கணக்கு. ஸயனூரிக், முன்பாக்கி. வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டே போகிற சமாசாரம்.

"இதையெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். அதுவரை சரளமாகப் பேசியவர் நிறுத்தினார். மூடியைத் திருகி மூடினார்.

"பட்டுக் கத்துக்கிட்டேன் சார்."

போன கோடை. ஜனவரி கடைசியில் குளத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டார்கள். பத்துக் கிலோ பக்கெட் ஒன்று வாங்கிக் கொடுத்தார் முதலாளி. ஐம்பது வில்லை. வாரத்துக்கு நாலு வீதம் இவர் போட்டார். மூன்று மாதத்தில் பக்கெட் காலி. ஏப்ரல் கடைசியில் தண்ணீர் பச்சை. அன்றைக்குப் பார்த்து முதலாளியின் சம்பந்தி வீட்டார் வருகை!

"சொட்டு மருந்து ஊத்திப் பார்த்தா மஞ்சக் கலர் வருது சார், குளோரின் இருக்குன்னு காட்டுது. ஆனா தண்ணி பச்சை. என்னால ஒண்ணும் சொல்ல முடியல. 'மாத்திரை போட்டா எப்படிய்யா பச்சையாவும்? பக்கத்து வீட்டுக்கு வித்துட்டே'ன்னாரு. மாசம் ரெண்டாயிரமா மூணு மாசம் புடிச்சிக்கிட்டாரு."

அப்புறம் கருவிகளோடு ஒரு பூல் மெக்கானிக் வந்து, தண்ணீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாராம். பாதிக்கு மேல் தண்ணீரை வெளியேற்றி, புதிதாக நிரப்பினால்தான் சரியாகும் என்றாராம். லாரிச் செலவுக்காக முதலாளி முகம் சுளித்ததோடு விஷயம் முடிந்தது. பிடித்த பணம் பிடித்ததுதான்.

"நீங்க கணக்குப் படிச்சவராமே சார். நான் திருடலன்னு கணக்குல காட்ட முடியுமா?"

பதினைந்து வருஷமாக டெபிட், கிரெடிட் என்று ஏதோ பிழைக்கிறேன். யாரும் என்னிடம் இப்படி ஒரு கணக்கு கேட்டதில்லை. முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். செய்யாததை எப்படி நிரூபிப்பது?

"அந்த மெக்கானிக் ஏதாச்சும் எழுதிக் கொடுத்தாரா?"

பம்பு அறைக்குள் போனார். சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டருக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு பில்லை எடுத்து வந்தார். கூலி, பிரஷ், பாசி மருந்து. அடியில் பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கல்: 'ஸயனூரிக் 100+'.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சும்மா சொல்லவில்லை.

பிரியாணிக் கடை ரசீதின் முதுகில் போட ஆரம்பித்தேன். வில்லை 200 கிராம். அதில் குளோரின் போக, தண்ணீரில் தங்கும் ஸயனூரிக் சுமார் 110 கிராம் (கெமிஸ்ட்ரி படித்த எங்கள் கோஷ்டி நண்பன் சொன்னது, கல்லூரிக்குப் பிறகு அவன் உபயோகப்பட்டது இதுதான் முதல் தடவை). ஐம்பது வில்லைக்கு 5,500 கிராம். குளம் 51,000 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 108 மில்லிகிராம். வடிகட்டியைக் கழுவியதிலும், எங்களைப் போன்றவர்கள் குதித்து வெளியே தெறித்ததிலும் கொஞ்சம் போயிருக்கும். மெக்கானிக்கின் பட்டை காட்டியது 100-க்கு மேல்.

டாலி!

"அண்ணே, நீங்க மாத்திரையை வித்திருந்தா இந்த அமிலம் தண்ணில இருந்திருக்காது. இருக்குதே. போட்டதனாலதான் இருக்கு. ஜாஸ்தி போட்டதனாலதான் பச்சையாச்சு. இந்த நூறுதான் உங்க வவுச்சர்."

அவர் ரசீதை வாங்கி, எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "இதையே தமிழ்ல, மொதலாளிக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க சார்" என்றார்.

ஒரு முழுப்பக்கம் எழுதினேன். கூடவே இரண்டு யோசனை. பட்டையை மாதம் ஒரு முறை முக்கிப் பார்ப்பது. வில்லையைக் குறைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு திரவக் குளோரின் ஊற்றுவது. அதில் குடைக்காரர் கிடையாது. பக்கத்தையும் பில்லையும் போட்டோ எடுத்து, அவர் எதிரிலேயே முதலாளியின் வாட்ஸப்புக்கு அனுப்பினோம். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அவர் காளானைத் தண்ணீரில் விட்டு, கயிற்றை ஏணிக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். என் வாரிசு எட்ட நின்றே அதற்கு டாட்டா காட்டினான்.

பத்து நாள் கழித்து போன்.

"சார், ரெண்டாயிரம் வந்திருக்கு சார்."

"மீதி நாலாயிரம்?"

"உங்க கணக்கு சரியான்னு ஆடிட்டரைக் கேட்டுச் சொல்றேன்னாரு."